ஸ்டைன்ஸ் கேட், 23ஆம் அத்தியாயம்: கத்தி ஏன் ஒகாபேயின் கையில் இருக்க வேண்டும்?

எட்டாம் மாடி எழுதியது:

நாம் சேர்ந்து மறுபடியும் பார்த்துவரும் வரிசையில் இறுதிக்கு முந்தைய அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். 2011 ஏப்ரலில் தொடங்கி அவ்வாண்டு செப்டம்பரில் முடிந்த இந்த ஜப்பானிய அனிமே தொடரை நான் பார்ப்பது இது மூன்றாம் முறை. முதல் முறை பார்த்தபோது இந்த அத்தியாயத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மீதியைப் பார்க்க எனக்கு இரண்டு நாள்கள் ஆயின. இம்முறை நிறுத்தாமல் பார்த்தேன். பார்த்து முடித்ததும் எழுதத் தோன்றிய ஒன்றை இங்கே வைக்கிறேன்.

கதை நிற்கும் இடத்தை நினைவூட்டிவிடுகிறேன். 22ஆம் அத்தியாயத்தில், தான் அனுப்பிய முதல் டி-மெயிலின், அதாவது கடந்த காலத்துக்குப் போய்ச் சேரும் செய்தியின், தடயத்தைக் கதாநாயகன் ஒகாபே அழித்துவிடுகிறார். அதனால் அவருடைய பால்யத் தோழி மயூரி உயிரோடு இருக்கும் உலகக்கோட்டுக்கு, அதாவது நிகழ்வுகளின் மாற்று வரிசைக்கு, அவர் திரும்புகிறார். அதே உலகக்கோட்டில் அவர் நேசிக்கும் மகிசே குரிசு 2010 ஜூலை 28ஆம் நாள் ரேடியோ கைகான் கட்டடத்தில் இறந்துபோனவர். 23இல் 2036ஆம் ஆண்டிலிருந்து காலப்பயணி சுசுஹா வருகிறார். மூன்றாம் உலகப்போரில் 570 கோடிப் பேர் மடிவதைத் தடுக்க வேண்டுமானால் குரிசுவைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார். ஒகாபே போகிறார். தன் மகள் குரிசு எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பறித்துக்கொண்டு அவளையே தாக்கும் நகபாச்சியைத் தடுக்கக் கத்தியோடு பாய்கிறார். குரிசு குறுக்கே வந்து தந்தையை மறைத்து நிற்க, கத்தி அவர் உடலில் இறங்குகிறது.

கொலையாளி யார் என்ற கேள்வி முதல் அத்தியாயத்திலிருந்தே திறந்தே கிடந்தது. அதற்கான விடையாகக் கதாநாயகனையே காட்டுவது அதிர்ச்சிக்காகச் செய்த வேலை என்று ஒரு காலத்தில் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. குரிசு தன் தந்தையை எவ்வளவு நேசித்தார் என்பதை ஒகாபேயைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. மறைந்துபோன உலகக்கோட்டில், தந்தையைப் பார்க்க அவோமோரிக்குத் தன்னோடு வர முடியுமா என்று அவரிடம் கேட்டவர் குரிசு. மகளின் அறிவைக் கண்டு பொறாமையில் வெந்த ஒரு தந்தை, அந்தத் தந்தை என்றாவது ஒரு நாள் தன்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று காத்திருந்த மகள் என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு முழுவதையும் ஒகாபே கேட்டிருந்தார். கேட்டிருந்தும், அந்த ஒரு நொடியில் அவர் கத்தியை ஓங்கியது அந்தத் தந்தைக்கு எதிராக. குரிசு குறுக்கே வராமல் இருந்தால்தான் அது அவருடைய இயல்புக்கு மாறான செயலாக இருந்திருக்கும். அவரைக் காப்பாற்றப் போனவர் அவரைப் பற்றித் தான் அறிந்த மிக முக்கியமான உண்மையை மறந்ததால் அவரைக் கொல்கிறார். இந்த அத்தியாயம் என்னைத் தாக்குவது இந்த இடத்தில்தான்.

ஆகவே நான் கேட்க விரும்புவது இது: கத்தி வேறொருவர் கையில் இருந்திருந்தால் இந்தக் கதை அடுத்த அத்தியாயத்தை அடைந்திருக்குமா? உங்கள் எண்ணங்களை விரிவாகவே எழுதுங்கள்.

கோடைமழை எழுதியது:

நான் இந்தத் தொடரை முதல் முறையாகப் பார்க்கிறேன். இப்போதுதான் 23ஐ முடித்தேன். 24ஐப் பார்க்காமல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மனநிலை நாளைக்கு இருக்காது.

ஒகாபேயின் மடியில் கிடந்து, சாக விரும்பவில்லை என்று குரிசு சொல்லும்போது அவருக்கு ஒகாபே யார் என்றே தெரியாது. என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். 22ஆம் அத்தியாயத்தில் அவ்விருவரும் பிரிந்தபோது ஒருவரையொருவர் முழுமையாக அறிந்திருந்தார்கள். அந்தப் பிரிவில் துயரம் இருந்தாலும் ஒரு நிறைவும் இருந்தது. இங்கே அதே குரிசு ஓர் அந்நியனின் கைகளில், அவன் ஏன் அழுகிறான் என்பதுகூடத் தெரியாமல் சாகிறார். 22ஐத்தான் தொடரின் மிகப் பெரிய துயரம் என்று கடந்த வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று. 2025ஆம் ஆண்டின் ஒகாபே காணொளியில் தோன்றி, உலகத்தை ஏமாற்று என்று கட்டளையிடும்போது எனக்கு உடல் சிலிர்த்தது உண்மை. ஆனால் எப்படி ஏமாற்றப் போகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. குரிசு இரத்தத்தில் கிடப்பதைத் தொடக்கத்து ஒகாபே பார்த்தே ஆக வேண்டும், ஆனால் அவர் இறக்கக் கூடாது என்பது வரை புரிகிறது. அதற்கு மேல் நானே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். யாரும் சொல்லிவிட வேண்டாம்.

நிக்சி விளக்கு எழுதியது:

கோடைமழை அவர்களே, உங்கள் பதிவுக்கு நன்றி. உங்களிடம் ஒரே வேண்டுகோள்: 24ஐப் பார்க்கும்வரை இதற்குக் கீழே படிக்காதீர்கள். இனி வரும் பதிவுகளில் இறுதி அத்தியாயமும், 2015இல் ஒளிபரப்பான மாற்று 23ஆம் அத்தியாயமும், ஸ்டைன்ஸ் கேட் 0 என்ற 2018ஆம் ஆண்டுத் தொடரும் பேசப்படும். நீங்கள் திரும்பி வந்ததும் உங்களுக்காக நாங்கள் காத்திருப்போம்.

எட்டாம் மாடி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். கத்தியைப் பற்றி அவர் எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் இந்த அத்தியாயத்தின் கீல் கத்தியில் இல்லை, அதற்குப் பின் கன்னத்தில் விழும் அறையில் இருக்கிறது என்பது என் கருத்து. இரத்தம் தோய்ந்த கைகளோடு திரும்பி வரும் ஒகாபே, எல்லாம் முன்பே முடிவு செய்யப்பட்டது, எதைச் செய்தாலும் பயனில்லை என்று சரிந்து உட்காரும்போது மயூரி அவரை அறைகிறார். அந்த உலகக்கோட்டின் மயூரிக்குக் குரிசுவை ஒரு தோழியாக அறிந்திருக்க வழியே இல்லை. அவர்கள் சந்திப்பதற்கு முன்பே குரிசு இறந்துவிட்டார். தனக்குப் பரிச்சயமே இல்லாத ஒருத்திக்காக மயூரி அவரை எழுப்புகிறார். தன்னைக் காப்பாற்றுவதற்காகவே அந்தப் பெண் கைவிடப்பட்டாள் என்ற கணக்கும் அந்த அறைக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தொடர் முழுவதும் காப்பாற்றப்பட வேண்டியவராகவே இருந்துவந்த மயூரி முதன்முறையாக ஒருவரைக் காப்பாற்றும் இடம் அது.

இது என் ஊகம் மட்டும் அன்று என்பதற்குப் படைப்பாளிகளே சான்று தந்திருக்கிறார்கள். 2015இல் தொடர் மறுஒளிபரப்பானபோது, டிசம்பரில் 23ஆம் அத்தியாயத்தின் இடத்தில் ஒரு மாற்று வடிவம் வந்தது. அதில் பயணமும் தோல்வியும் உண்டு, அறை மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் ஒகாபே எழவில்லை. வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஹோஓயின் கியோமா என்று தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரையும் புதைத்துவிட்டு, சாதாரணக் கல்லூரி மாணவனாக வாழப் போய்விடுகிறார். அந்த வாழ்வின் கதைதான் 2018 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 23 அத்தியாயங்களாக வந்த தொடர்.

அவதானி எழுதியது:

நான் சற்று மாறுபட விரும்புகிறேன். இந்த அத்தியாயத்தின் உணர்ச்சி வலிமையை மறுக்கவில்லை. நானும் அதற்கு ஆட்பட்டவனே. என் தடை கதையின் கட்டுமானத்தைப் பற்றியது.

அதுவரை வெறும் இரைச்சலாக மட்டுமே இருந்த காணொளி, ஒகாபே தோற்றுத் திரும்பிய பின்பு தெளிவாகிறது. அதில் பதினைந்து ஆண்டு மூத்த அவரே தோன்றி, நீ தோற்க வேண்டியது தேவையாக இருந்தது என்கிறார். அந்தத் தோல்வியின் வலி இல்லையென்றால், பதினைந்து ஆண்டுகள் விடாப்பிடியாக உழைத்து இத்திட்டத்தை வகுத்திருக்க மாட்டேன் என்பது அவர் தரும் காரணம். உளவியல் நோக்கில் இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பார்வையாளனாக எனக்கு எழும் சந்தேகம் வேறு. எழுதியவர்களுக்கு ஒரு பெருந்துயரக் காட்சி தேவைப்பட்டது, அதைத் தந்த பின் அதிலிருந்து மீளவும் வழி தேவைப்பட்டது, இரண்டையும் ஒரே கடிதத்தால் தைத்துவிட்டார்கள் என்று நான் சொன்னால் அதை எப்படி மறுப்பீர்கள்? முதல் பயணத்துக்கு முன்பே அந்தத் திட்டத்தைச் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணை அவர் கையாலேயே கொல்ல வேண்டிய நிலை வந்திருக்காது. ஒருவனுக்கு மன உறுதி உண்டாவதற்காக இன்னொருத்தி ஒரு முறை சாக வேண்டும் என்று கதை கேட்கிறது. அதைக் கதைக்குள் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

எட்டாம் மாடி எழுதியது:

அவதானி அவர்களின் தடை நியாயமானது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குறிப்பாகக் கடைசி வரி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

முதலில் கட்டுமானம். காணொளியை அனுப்பிய ஒகாபே அத்தோல்வியைத் திட்டமிட்டவர் இல்லை, அதைச் சுமந்து வாழ்ந்தவர். அவருடைய 2010இல் அவருக்கு யாரும் கடிதம் அனுப்பவில்லை. அவர் தோற்றார், எழ முடியாமல் கிடந்தார், பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்பப் பார்த்து, தான் உண்மையில் கண்டது என்ன, கண்டதாக நினைத்துக்கொண்டது என்ன என்று பிரித்தெடுத்தார். அந்த உழைப்பின் விளைவுதான் காணொளி. தோல்விக்கு முன்னால் அதைத் தந்துவிட்டால் தோல்வி நிகழாது. தோல்வி நிகழாவிட்டால் தருவதற்குத் தன்னிடம் எதுவும் இருக்காது என்பது அவர் அறிந்த இக்கட்டு. அதனால்தான் அது பின்னால் திறக்கும் கடிதமாக இருக்கிறது. எழுதியவர்கள் தைத்த தையல் வெளியே தெரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தையலைத் தொடரில் முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறோம்.

மயூரி இறக்கும் ஆல்ஃபா உலகக்கோட்டில் 1975ஆம் ஆண்டுக்குச் சென்ற சுசுஹாவின் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். தோற்றுவிட்டேன் என்ற ஒரே சொல்லை வரிவரியாக எழுதிவிட்டு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி பத்து ஆண்டுகள் கழித்து ஒகாபேயின் கைக்கு வந்து சேர்கிறது. அதுவும் காலத்தைத் தாண்டி வந்த ஒரு தோல்விக் கடிதம்தான். அந்தக் கடிதத்தில் தோல்வி முற்றுப்புள்ளியாக இருந்தது. இந்தக் காணொளியில் தோல்வி ஒரு தகவலாக இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கத்தான் ஒகாபேக்கு ஏழு அத்தியாயங்கள் தேவைப்பட்டன என்று நான் வாசிக்கிறேன்.

ஒருத்தி ஒரு முறை சாக வேண்டியிருந்தது என்பதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. மடியில் கிடந்து குரிசு சொல்லும் சொற்களைக் கதை சுருக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். அவர் வலிக்கிறது என்கிறார், பயப்படுகிறார். அடுத்த அத்தியாயம் எவ்வளவு நல்லபடியாக முடிந்தாலும், அந்தப் பெண் அந்தத் தரையில் இறந்தார் என்பது ஒகாபேயின் நினைவிலிருந்து போகாது. அவருடைய ஆற்றலே உலகக்கோடு மாறினாலும் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பதுதானே.

ஒலிப்பேழை எழுதியது:

தர்க்க விவாதத்துக்கு நடுவே வருவதற்குப் பொறுத்தருள வேண்டும். இந்த அத்தியாயத்தைக் காதால் மட்டும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

ஒகாபேக்குக் குரல் கொடுத்த மியானோ மமோருவுக்கு இதில் ஏறக்குறைய மூன்று குரல்கள் தேவைப்படுகின்றன. அங்கியை உதறிவிட்ட சோர்ந்த மாணவனின் குரல் ஒன்று. கத்தி இறங்கிய பின் சொற்களே இல்லாமல் போகும் குரல் ஒன்று. காணொளியில் பேசும் முப்பது வயதைத் தாண்டிய மனிதரின் குரல் ஒன்று. மூன்றாவது குரல்தான் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன். அதில் ஹோஓயின் கியோமாவின் பகட்டு எல்லாம் இருக்கிறது, ஆனால் அது இப்போது விளையாட்டாக இல்லை. அதே பகட்டை 1ஆம் அத்தியாயத்தில் கேட்டபோது ஒரு மாணவன் தன் தனிமையை மறைக்கப் போட்டுக்கொண்ட வேடமாகத் தெரிந்தது. இங்கே அது, இடிந்து கிடக்கும் இளைய தன்னை நோக்கி மூத்தவர் நீட்டும் கை. சொல் அதேதான், தொனியும் ஏறத்தாழ அதேதான், கேட்பவருக்கு எல்லாமே மாறிவிடுகிறது.

குரிசுவாக வரும் இமாய் அசாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 22ஆம் அத்தியாயத்து விடைபெறலில் அவர் குரலில் இருந்த நெருக்கத்தின் சாயல்கூட இங்கே இருக்கக் கூடாது, ஏனென்றால் இந்தக் குரிசு அந்த மூன்று வாரங்களை வாழாதவர். பேசுபவர் அந்நியரிடம் பேசுகிறார், கேட்பவர் காதலியிடமிருந்து கேட்கிறார் என்ற இடைவெளியை ஒரு குரல் மட்டும் தாங்கி நிற்கிறது. முடிவில் இத்தொடருக்கு மூலமான விஷுவல் நாவல் விளையாட்டின் தொடக்கப் பாடல் ஒலிக்கும்போது, 2009இல் அந்த விளையாட்டை முடித்துவிட்டு வந்தவர்கள் என்ன உணர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

காட்சியமைப்பைப் பற்றி ஒரே வரி: வெளுத்துப்போன அந்தக் கோடை வெளிச்சம் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடர் முழுக்க இருந்தும், அந்த நிறமற்ற அறையில் சிவப்பு பரவும்போதுதான் இவ்வளவு நாளும் அது எதற்காக வெளுத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது.

அவதானி எழுதியது:

எட்டாம் மாடி அவர்களின் சுசுஹா ஒப்பீட்டை ஏற்கிறேன். அது என் தடையை முழுவதும் நீக்கவில்லை, ஆனால் அதன் கூர்மையை மழுக்கிவிட்டது. அதை ஒப்புக்கொண்டு, இந்த அத்தியாயத்தில் எனக்கு உண்மையிலேயே வியப்பளிக்கும் பகுதியைப் பற்றி எழுதுகிறேன்.

காலப்பயணத்தைப் பற்றிய இயற்பியல் சிந்தனையில் நோவிகோவ் தன்னிசைவுக் கொள்கை என்று ஒன்று உண்டு. 1980களில் இகோர் நோவிகோவ் முன்வைத்தது. கடந்த காலத்துக்குப் போக முடிந்தாலும், அங்கே நிகழ்பவை ஏற்கெனவே நிகழ்ந்தவற்றோடு முரண்படாதபடிதான் நிகழும் என்பது அதன் சாரம். அதற்கு எதிராக ஜோசஃப் போல்ச்சின்ஸ்கி ஒரு புதிரை எழுப்பினார். ஒரு பில்லியர்ட்ஸ் பந்து புழுத்துளைக்குள் (காலவெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழிக்குள்) புகுந்து, சற்று முந்தைய நேரத்தில் வெளிவந்து, துளைக்குள் புகப்போகும் தன்னையே மோதித் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? தடுத்துவிட்டால் அது புகவே இல்லை. புகவில்லையென்றால் தடுப்பது யார்? இதை ஆராய்ந்த கிப் தோர்னின் மாணவர்கள் முரணில்லாத தீர்வுகள் இருப்பதைக் கண்டார்கள். வெளிவரும் பந்து நேராக மோதாமல் உரசிச் செல்கிறது; அந்த உரசலால் முதல் பந்தின் பாதை சற்றே விலகுகிறது; அப்படி விலகிய பாதையில் புழுத்துளைக்குள் புகுந்ததால்தான் அது நேராக மோதாமல் உரசும் கோணத்தில் வெளிவந்தது. தடுக்க வந்த பந்தே காரணமாகிவிடுகிறது.

முதல் பயணத்தில் ஒகாபே அந்தப் பந்து. கொலையைத் தடுக்க வந்தவர் கொலைக்குக் காரணமாகிறார். முதல் அத்தியாயத்தில் இளைய ஒகாபே ஓர் அலறலைக் கேட்டு ஓடி வந்து குரிசு கிடப்பதைப் பார்த்தாரே, அந்த வட்டம் இங்கே மூடிக்கொள்கிறது. ஆகவே கத்தி வேறொருவர் கையில் இருந்திருந்தால் என்ன என்ற கேள்விக்கு என் விடை இது: அப்போது ஒகாபே வெறுமனே பிந்தி வந்தவராக இருந்திருப்பார். அடுத்த முறை விரைவாகப் போனால் போதும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றியிருக்கும். மயூரிக்காக அவர் அதைத்தான் எத்தனையோ முறை செய்து பார்த்தார்; ஒவ்வொரு முறையும் மயூரி வேறொரு வழியில் இறந்தார். கத்தி அவர் கையிலேயே இருந்ததால்தான் விரைவு இதற்குத் தீர்வாகாது என்பது அவருக்கு உறைக்கிறது.

இங்கேதான் காணொளியின் திட்டம் நுட்பமானது. அது நிகழ்ந்ததை மாற்றச் சொல்லவில்லை. இளைய ஒகாபே கண்டது அப்படியே இருக்கட்டும், கண்டதற்குப் பின்னால் இருக்கும் உண்மை மட்டும் வேறாக இருக்கட்டும் என்கிறது. ஸ்குல்டு என்று அத்திட்டத்துக்குப் பெயர். நார்ஸ் புராணத்தில் எதிர்காலத்தோடு தொடர்புடைய விதிதேவதை அவள். பெயரை எதிர்காலத்திலிருந்து எடுத்துக்கொண்ட திட்டம், கடந்த காலத்தில் ஒரு நிமிடக் காட்சியை மட்டும் தொடாமல் விட்டுவைக்கிறது.

வழித்துணை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. 570 கோடி என்ற எண்ணைக் கேட்டும் ஒகாபே அசையவில்லை, குரிசுவைக் காப்பாற்ற முடியும் என்றதும் கிளம்பிவிட்டார் என்று இதைப் பார்க்கும் பலர் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது குறையாகப் படவில்லை. அத்தனை பேரின் சாவை ஒரு மனிதன் மனத்தில் ஏந்த முடியாது. மயூரியின் சாவைப் பல முறை பார்த்த ஒருவருக்குச் சாவு என்பது எண்ணாக வருவதே இல்லை.

ஆனால் சுசுஹாவுக்கு அந்த எண் எண்ணாக இருக்கவில்லை. அவர் அந்த உலகில் வளர்ந்தவர். இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தில் ஏறுகிறார்கள், ஒருவர் ஒரு பெண்ணுக்காக, மற்றவர் ஓர் உலகத்துக்காக. ஒகாபே சிதைந்து திரும்பும்போது சுசுஹா தன் பதற்றத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் சில நொடிகளை இம்முறைதான் கவனித்தேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

நிக்சி விளக்கு எழுதியது:

வழித்துணை அவர்கள் சுசுஹாவைப் பற்றிச் சொன்னது என்னை மறுபடியும் மாற்று அத்தியாயத்துக்குக் கொண்டுபோகிறது. அறை விழாத அந்த உலகில் சுசுஹாவும் தன் காலப்பயண இயந்திரத்தோடு காத்துக் கிடக்கிறார். ஒகாபே எழுவார், எழுவார் என்று மாதக்கணக்கில் எதிர்பார்த்து ஏமாறுகிறார்.

முன்பு நான் எழுதியதில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டியிருக்கிறது. அறைதான் கீல் என்று சொன்னபோது அது மயூரியின் மனத்தில் அந்த நொடியில் பிறந்த துணிவு என்பதுபோல் எழுதிவிட்டேன். 2011இல் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் இருந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது. 2018ஆம் ஆண்டுத் தொடரைப் பார்த்த பிறகு அந்த அறைக்குப் பின்னாலும் ஒரு நெடுங்கதை இருப்பது தெரியவருகிறது. அறையாமல் விட்ட ஒரு மயூரி, தான் அன்று சும்மா இருந்துவிட்டதை எண்ணி வருந்திய ஒரு மயூரி, எங்கோ இருந்திருக்கிறார். காணொளிக்குப் பின்னால் தோற்றுப்போன ஓர் ஒகாபே இருப்பதுபோலவே, அறைக்குப் பின்னால் தோற்றுப்போன ஒரு மயூரி இருக்கிறார். அவதானி அவர்கள் கேட்டாரே, ஒருவன் உறுதி பெறுவதற்கு இன்னொருத்தி சாக வேண்டுமா என்று. அந்தக் கேள்வியைப் படைப்பாளிகளும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு தோல்வியிலிருந்து மூத்த ஒகாபேயாக மாறுவதற்கு அந்த மனிதர் என்ன விலை கொடுத்தார் என்று ஒரு முழுத் தொடரை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதற்காகவே ஒரு தொடரின் இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தை இரண்டாம் முறை எழுதி, அதைப் பழைய வடிவத்தின் இடத்தில் ஒளிபரப்பியது அரிய செயல். பெரும்பாலும் முடிவைத்தான் மாற்றி எழுதுவார்கள். இவர்கள் முடிவைத் தொடவில்லை.

அவதானி எழுதியது:

அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. என் தடையில் பெரும்பகுதியை இதன் பொருட்டு விட்டுக்கொடுக்கிறேன். ஆயினும் 2011இன் 24 அத்தியாயங்களை மட்டும் பார்த்த ஒருவருக்கு அந்தக் கேள்வி எழவே செய்யும். பின்னால் வந்த தொடர் அதற்குப் பதில் சொல்கிறது என்பது அப்போது இருந்த இடைவெளியை இல்லாமல் ஆக்கிவிடாது. இதில் நாம் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

கோடைமழை எழுதியது:

இறுதி அத்தியாயத்தை நேற்றிரவு பார்த்துவிட்டேன். பிறகு இங்கே வந்து எல்லாப் பதிவுகளையும் வரிசையாகப் படித்தேன். 2018ஆம் ஆண்டுத் தொடரைப் பற்றிய பகுதிகளை மட்டும் கண்ணை ஓட்டிக் கடந்துவிட்டேன். அதையும் பார்க்கப் போகிறேன்.

கொண்டுபோன செயற்கை இரத்தம் உறைந்துபோய் வெளிவராமல் நின்றபோது, ஒகாபே நகபாச்சியைத் தூண்டிவிட்டுத் தன் உடலில் கத்தியை வாங்கிக்கொள்கிறார். முதல் முறை அவர் கத்தியை ஓங்கிய அதே மனிதரிடமிருந்து இப்போது அந்தக் கத்தியை வாங்கிக்கொள்கிறார் என்பதை எட்டாம் மாடி அவர்களின் முதல் பதிவைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். தந்தையைத் தாக்கினால் மகள் குறுக்கே வருவாள். தந்தை தாக்குவதைத் தான் ஏற்றுக்கொண்டால் யாரும் குறுக்கே வரத் தேவையில்லை. 23இல் அவர் மறந்த ஒன்றை 24இல் நினைவில் வைத்திருந்தார்.

உலோக ஊபா பொம்மையையும் அப்படியே பார்க்கிறேன். நகபாச்சி கொண்டுபோன கட்டுரையின் உறைக்குள் அது இருந்ததால் உலோகச் சோதனையில் சிக்கி, சரக்கோடு சேராமல் அவர் கையிலேயே இருந்து, விமானத்தின் தீயிலிருந்து, போருக்கு வித்தான அந்தக் கட்டுரை தப்பிவிடுகிறது. ஒரு பொம்மை வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் போர் இல்லை. இவ்வளவு சிறிய ஒன்றால் அவ்வளவு பெரிய ஒன்று நிற்கும் என்பதை, 23இன் இருட்டைக் கடந்து வந்ததால்தான் என்னால் நம்ப முடிந்தது.

எல்லாவற்றையும் படித்த பிறகு நான் மறுபடியும் முதல் அத்தியாயத்தைப் போட்டேன். ஒகாபே தன் தொலைபேசியில் நண்பன் தாருவுக்கு அனுப்பும் செய்தி, கதை முழுவதற்கும் வித்தான அந்த முதல் டி-மெயில், மகிசே குரிசுவை ஒரு ஆண் குத்திவிட்டான் என்கிறது. ஆனால் அவர் குத்தியதைப் பார்க்கவே இல்லை. இரத்தத்தையும் அதில் கிடந்த ஒரு பெண்ணையும் மட்டுமே பார்த்தார். மீதியை அவரே நிரப்பி எழுதினார். அவதானி அவர்கள் சொன்ன திட்டம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் முதல் நாளிலேயே இருந்திருக்கிறது.

எட்டாம் மாடி எழுதியது:

நான் மூன்று முறை பார்த்தும் அந்தச் செய்தியின் சொற்களை இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. இன்னொன்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதே முதல் அத்தியாயத்தில் குரிசு ஒகாபேயை நிறுத்தி, சற்று முன்பு என்னிடம் எதையோ சொல்ல வந்தீர்களே, அது என்ன என்று கேட்கிறார். அப்போது அவர் அழுதுவிடுபவர்போல் இருந்ததாகவும் சொல்கிறார். ஒகாபேக்கு ஒன்றும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. குரிசு அதற்குமுன் பார்த்தது யாரை என்று இப்போது நம் எல்லோருக்கும் தெரியும். நாளை மறுபடியும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன், விருப்பமுள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம்.